ஹிரோசே-சானின் முத்திரை

முதலில் ஒரு சின்னச் செய்தி. பழைய செய்தித்தாள் எடுக்கும் நாள் இந்த மாதத்திலிருந்து இரண்டாம் வியாழனுக்குப் பதிலாக மூன்றாம் வியாழன். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கயிறு ஆகாது. மழை பெய்தாலும் வண்டி வரும்.

இரண்டாவது, ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு பூங்காவில் களை பிடுங்குகிறோம். கையுறை கொண்டுவாருங்கள். தேநீர் நம் குழுவின் பொறுப்பு.

மூன்றாவது செய்தி கொஞ்சம் நீளம். அதனால் தனித்தாளில் எழுதி, வீடு வீடாகச் சுற்றிவரும் இந்தச் சுற்றுப் பலகையின் கிளிப்பில் கடைசியாகச் செருகியிருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் மாலையில் படிக்கலாம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியில் இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. தட்டெழுதும் மென்பொருள் சில இடங்களில் நான் நினைத்ததைவிட மரியாதையைக் கூட்டிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் 203-ஆம் எண் வீட்டு ஜுனு புன். நேபாளத்துப் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் போவதையும் வருவதையும் மூன்று வருடமாகப் பார்க்கிறீர்கள். ஏப்ரல் முதல் நான்தான் இந்த எட்டு வீட்டுக் குழுவின் தலைவி. அது எப்படி என்னிடம் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். போன வருடத் தலைவர் ஒகிஹாரா-சான் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாசலில் நின்றபடியே சொன்னார்: "முறைப்படி பாத்தா 202 ஹிரோசே-சானோட வருஷம்மா இது. அவங்கதான் இப்படி ஏமாத்திட்டுப் போயிட்டாங்களே. அதனால ஒனக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு."

பிறகு தனியாக வாழ்கிறவர்களின் பட்டியலைக் கொடுத்தார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று அவருடையது.

"வாரத்துக்கு ஒருதரம் எட்டிப் பாக்கணும். ஹிரோசே-சானுக்கு ஆன மாதிரி இன்னொருதரம் ஆகக்கூடாது, இல்லியா? நீதான் இதுக்குச் சரியான ஆளு. இதுதானே ஒன் தொழிலே. பஸ் ஓட்டுனவன், நான் என்னத்தக் கண்டேன்? நான் தலைவரா இருந்தேன், ஒரு பொம்பள மூணு கதவு தள்ளி செத்துக் கெடந்தா, தெரியல."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தக் குற்றவுணர்ச்சியில் அவர் மெலிந்துபோயிருப்பதை நான் பார்த்தேன். அவர் சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடுகிறது. செய்யாத தப்புக்காக ஒரு மனிதர் இப்படி இளைக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஏப்ரலிலிருந்து ஆறு வாரம் அந்த மூன்று பேரையும் எட்டிப் பார்த்தேன், மூன்று பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹிரோசே-சானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருடம் பெரிய பாத்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய குரல். தினமும் காலையில் மாடி நடையைக் கூட்டுவார். என் வாசலை மட்டும் இரண்டு முறை கூட்டுவார். குடிவந்த முதல் மாதம் என் குப்பைப் பை நான்கு முறை திரும்பி என் கதவடிக்கே வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "மூடி வேறு, பாட்டில் வேறு." "எண்ணெயைத் தாளில் ஒற்றி எடுக்கவும்." ஐந்தாம் முறை சரியாகப் பிரித்தேன். அதற்கும் ஒரு சீட்டு வந்தது. "பையின் முடிச்சு தளர்வு."

இதற்கெல்லாம் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. நானும் வெறுக்கவில்லை. ஊரில் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பேன். அப்படிச் சிரிக்கும்போதுதான் சுவரில் தட்டல் கேட்கும். மூன்று தட்டல். டொக், டொக், டொக். நம் கட்டடத்தின் சுவர்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் சோறு வெந்து மின்பானை மணியடித்தால் நம் வீட்டில் பசிக்கும்.

ஒருநாள் நடையில் நிறுத்தி, எதனால் தட்டுகிறார் என்று அவரே காட்டினார். முதுகு சொறிகிற மூங்கில் கை.

"இத வெச்சித்தான் தட்டறேன். வெறுங்கையால தட்டுனா எனக்கில்ல வலிக்குது? ஒனக்காக நான் கைய ஒடச்சிக்கணுமா, என்ன?"

"மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு கேக்கறதுல நீ கெட்டிக்காரி. ஆனா குரல்தான் கொறைய மாட்டேங்குது."

அதன்பிறகு குரலைக் குறைத்தேன். குதிகால் பதியாமல் நடக்கக் கற்றுக்கொண்டேன். அலமாரிக் கதவை இழுக்காமல் தூக்கித் திறக்கக் கற்றுக்கொண்டேன். தாளிக்கிறபோது சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்துக்கொள்வேன். என் வீட்டுக்குள் நானே திருடியைப் போல நடமாடினேன். இதையும் குறையாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் எல்லோரும் ஓரளவு அப்படித்தான் இருக்கிறார்கள்.

இரண்டு காரியங்கள் மட்டும் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, போன வருடக் களை பிடுங்கல். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஹிரோசே-சான் ஒரு குப்பைப் பையைக் கொண்டுவந்து, செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கொட்டினார். பிளாஸ்டிக்குக்கு நடுவே கோழி எலும்பு.

"இது யாரோடதுன்னு நான் சொல்லமாட்டேன். மோந்து பாத்தா ஒங்களுக்கே தெரியும்."

யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள், பிறகு அவசரமாகப் புல்லைப் பார்த்தீர்கள். ஒகிஹாரா-சான், "சரி விடுங்க, எனக்கு எலும்பப் பாத்தா பசிக்குது" என்று எதையோ சொல்லிச் சிரிக்கவைத்தார். நான் குனிந்து வணங்கி, பிரித்து அள்ளினேன். மஞ்சள் ஒட்டிய எலும்புகள். என் முதுகில் வெயில் அடித்ததும், காது மடல்கள் எரிந்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவ்வளவு வெட்கம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

அந்தப் பை என்னுடையது அல்ல. அதாவது, என் வீட்டுடையது, நான் கட்டியது அல்ல. என் சித்தி மகள் கோமா கட்டியது. இதை நீங்கள் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள். என் வீட்டில் ஜூன் முதல் தேதியிலிருந்து இன்னொரு ஆள் இருந்தாள். காய்கறி கட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவள். மேற்பார்வையாளரின் தொல்லை தாங்காமல் ஓடிவந்துவிட்டாள். கோடையில் அவள் விசாவும் முடிந்துபோனது. படுக்கை வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் படுத்துக்கொள்வாள். பகலில் என் துணியையே உடுத்திக்கொள்வாள், கொடியில் இரண்டு அளவுத் துணி தொங்கக் கூடாது என்பதற்காக. ஒருவருக்கென்று எழுதிக்கொடுத்த வீட்டில் இரண்டாவது ஆளை வைப்பதும், விசா முடிந்தவளை ஒளித்துவைப்பதும் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் அவளை அனுப்பிவிடுவார்கள், என்னையும் சேர்த்து.

கோமாவுக்கு மெதுவாக நடக்கவே வராது.

"அக்கா, மெல்லத்தான் நடக்கறேன். அந்தக் கெழவிக்கு நாய்க் காது."

"மெல்லப் பேசுடி."

"பேசவும் கூடாது, நடக்கவும் கூடாது. மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் சீட்டு ஒட்டுமா?"

அப்போதும் மூன்று தட்டல் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இருந்த மாதங்களில்தான் அந்த வீட்டில் நான் சிரித்தேன்.

இரண்டாவது காரியம் ஆகஸ்டில் நடந்தது. ஊர் ஒலிபெருக்கியில் சாயங்காலம் ஐந்து மணிப் பாட்டு முடிந்த நேரம். அம்மா தொலைபேசியில் அழைத்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னார். காலையில் எருமைக்குப் புல் அறுக்கப் போனவர், வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார், அப்படியே. நான் அழுதேன். எங்கள் ஊரில் அப்பா இறந்தால் பக்கத்து மலைக்குக் கேட்கிற மாதிரி அழுவோம். அப்படி அழுததில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டொக், டொக், டொக்.

நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். கோமா என் தலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தொலைபேசியில் அம்மா, "ஜுனு, இருக்கியா? ஜுனு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்காக நான் அழுதது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு அது வரவேயில்லை.

ஹிரோசே-சானுக்கு என் அப்பா இறந்தது தெரியாது. நான் சொல்லவில்லை. இதையும் நியாயமாகப் பதிவுசெய்துவிடுகிறேன்.

இனி நவம்பருக்கு வருகிறேன். ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு மதிய முறை. காலை ஒன்பது மணிவாக்கில் சமையல் மேடையருகே தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டல் கேட்டது. நான் தேநீர்க் கரண்டியைக் கீழே வைத்தேன். மறுபடியும் கேட்டது. நான் அடுப்பை அணைத்தேன். மறுபடியும்.

நீங்கள் இந்த இடத்தில் எனக்குச் சாதகமாக ஒன்று நினைக்கக்கூடும். மூன்று வருடமாகச் சுவரில் தட்டல் என்றால் "சத்தம் போடாதே" என்றுதானே அந்தப் பெண்ணுக்குப் பழக்கம், பாவம், அன்றும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று. நானும் பல மாதம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் அமைதி கேட்டார், நான் அமைதியாக இருந்தேன். அதில் தப்பில்லை.

ஆனால் அந்தத் தட்டல் மூங்கில் கையின் தட்டல் அல்ல. மூங்கில் சுள்ளென்று ஒலிக்கும். இது மந்தமான ஒலி, பிளாஸ்டிக் கிண்ணத்தின் ஒலி. வழக்கமான தட்டல் கூடத்துச் சுவரில், என் தலை உயரத்தில் வரும். இது குளியலறைப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி வந்தது. மூன்று மூன்றாகவும் வரவில்லை. இரண்டு, பிறகு ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு நான்கு.

இது என் தொழில். எங்கள் இல்லத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். யார் பொத்தானை அழுத்தினாலும் முதலில் போய் நிற்பது நான்தான். தண்ணீர் கேட்டு அழுத்துகிறவர்களுக்கும் விழுந்துவிட்டு அழுத்துகிறவர்களுக்கும் கையில் வித்தியாசம் உண்டு. "புன்-சானுக்குக் காதுலயே கண்ணு இருக்கு" என்று எங்கள் தலைமைத் தாதி எல்லோர் முன்னாலும் சொல்வார். தரையை ஒட்டித் தட்டுகிற ஒரு வயதான பெண் தரையில் கிடக்கிறாள் என்பதும், கை ஓய்ந்து ஓய்ந்து வந்தால் இடுப்பு உடைந்திருக்கலாம் என்பதும் எனக்கு மூன்றாம் தட்டலிலேயே தெரிந்துவிட்டது.

நான் கோமாவை நினைத்தேன். 119-ஐ அழைத்தால் தீயணைப்பு நிலையத்து ஆம்புலன்ஸ் வரும், யார் அழைத்தது என்று கேட்பார்கள், என் பெயரை எழுதுவார்கள், ஒருவேளை போலீஸும் வரும். ஷூவைக் கழற்றிவைக்கும் இடத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒரு குடும்பமே கடன் வாங்கி அனுப்பிய பெண்ணின் வாழ்க்கை என் கையில் இருந்தது. ஒரு பக்கம் எழுபத்தெட்டு வயது, இன்னொரு பக்கம் இருபத்திரண்டு வயது. இப்படி நினைத்தேன். இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றினால் ஆச்சரியப்படமாட்டேன்.

பதினோரு மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். ஹிரோசே-சானின் கதவுச் செருகலில் அன்றைய செய்தித்தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாலையில் திரும்பியபோது 202-இன் கைப்பிடியில் சுற்றுப் பலகை தொங்கியது. 201 வீட்டார் வழக்கம்போல மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் பலகையைப் பற்றி நீங்கள் யாரும் அதிகம் யோசித்திருக்கமாட்டீர்கள். நான் யோசித்திருக்கிறேன். குப்பை நாளும் களை நாளும் சொல்வதற்கு மட்டும் இது சுற்றவில்லை. ஒரு வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றுவிட்டால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தலைவர் வந்து கதவைத் தட்டுவார். படித்ததும் அவரவர் கட்டத்தில் வைக்கிற பெயர் முத்திரையும் தேதியும் அதற்குத்தான். நம் எட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று மாதத்துக்கு இரண்டு முறை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் தட்டல் குறைந்திருந்தது. ஒருமுறை குரலும் வந்தது. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "புன்-சான்." மூன்று வருடத்தில் அவர் அவ்வளவு மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். பலகை இன்னும் தொங்கியது.

மதியம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் நூறு யென் கடைக்குப் போனேன். பெயர் முத்திரைகள் வைத்திருக்கும் கண்ணாடி உருளை அங்கே உண்டு. கையால் சுற்றினால் சுற்றும். ஆயிரக்கணக்கான பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. இந்த ஊருக்கு வந்த புதிதில் அதை ஒரு முழுச் சுற்று சுற்றி என் பெயரைத் தேடியிருக்கிறேன், இருக்காது என்று தெரிந்தும். அதனால்தான் என் கட்டத்தில் மட்டும் எப்போதும் பேனாவால் எழுதுகிறேன். ஹிரோசே என்ற பெயர் உடனே கிடைத்தது. மூன்று இருந்தன. நடுவில் இருந்ததை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பலகையைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, 202-இன் கட்டத்தில் முத்திரை வைத்து, ஆறாம் தேதி என்று எழுதினேன். அவர் எழுதுகிற ஆறின் வால் நீளமாக இருக்கும். அதையும் நீட்டினேன். கீழே என் பெயரை எழுதி, ஏழாம் தேதி போட்டு, மறுநாள் காலையில் 204-இன் கைப்பிடியில் மாட்டினேன்.

வியாழன் காலையில் இரண்டு தட்டல். பிறகு எதுவும் இல்லை. அன்றைய செய்தித்தாளையும் எடுத்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து எடுக்கவில்லை. இனி யாராவது வந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை, நான்கு நாள் தாள் செருகலில் பிதுங்கி நிற்பதைப் பார்த்து ஒகிஹாரா-சான் வீட்டு உரிமையாளரின் சாவியோடு வந்தார். குளியலறை வாசலில் விழுந்து இடுப்பு உடைந்திருந்தது. கையருகே மொண்டு ஊற்றும் கிண்ணம் இருந்தது. ஆறாம் தேதி முத்திரை வைத்திருக்கிறார், ஏழாம் தேதித் தாள் வரை எடுத்திருக்கிறார், ஆகவே வியாழன் மாலை குளிக்கப் போனபோது விழுந்திருக்க வேண்டும், குளிர் நாள், சீக்கிரம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஹிரோசே-சானின் தம்பி மகன் என் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தை ரொம்ப நேரம் கஷ்டப்படலியாம். அது ஒண்ணுதாங்க ஆறுதல்." நான் தலையசைத்தேன். அந்த ஆறுதலை அவருக்குக் கொடுத்தது நான்தான் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் வந்தது. ஹிரோசே-சான் கஷ்டப்பட்டது மூன்று நாள்.

போலீஸ் இளைஞர் வாசலிலேயே நின்று கேட்டார்: "சத்தம் ஏதாச்சும் கேட்டுதாங்க?"

"இல்லீங்க. பாதி நேரம் வேலைக்குப் போயிடுவேன்."

"எங்க வேலை?"

சொன்னேன்.

"முதியோர் இல்லத்துலயா? கஷ்டமான வேலைங்க. எங்க பாட்டியையும் இப்படி ஒருத்தங்கதான் பாத்துக்கறாங்க. ரொம்ப நன்றி" என்று குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன்.

மூன்று நாள் தாளையும் பதினான்காம் தேதி, இரண்டாம் வியாழன், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்தேன். முடிச்சு தளர்வாக இல்லை.

டிசம்பரில் அந்தத் தம்பி மகன் வீட்டைக் காலிசெய்ய வந்தார். போகும்போது ஒரு காகிதப் பையை என்னிடம் கொடுத்தார். "ஒங்க வீட்டு நம்பர் போட்டிருந்துச்சு. குடுக்க மறந்துட்டாங்க போல." உள்ளே வீட்டுக்குள் போடுகிற தடித்த கம்பளிச் செருப்புகள், அடியில் இரட்டைப் பஞ்சு வைத்து ஹிரோசே-சானே தைத்தவை. இரண்டு ஜோடி. ஒன்று என் அளவு. இன்னொன்று கோமாவின் சின்னக் காலுக்கு. அவர் கையெழுத்தில் ஒரு சீட்டும் இருந்தது. "இருவரும் போட்டுக்கொள்ளவும். குளிர்காலத்தில் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காதுக்கு இரண்டு பேரின் நடை தெரியாதா? ஜூனிலிருந்து நவம்பர் வரை, குப்பைப் பையின் முடிச்சுக்கெல்லாம் சீட்டு எழுதிய அந்த மனுஷி, அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒகிஹாரா-சான், உங்களிடமும் சொல்லவில்லை, இல்லையா?

அந்தச் செருப்பை நான் போட்டுக்கொள்ளவில்லை. எறியவும் முடியவில்லை. கம்பளி எந்தக் கிழமைக் குப்பை என்று எனக்குத் தெரியும்.

இங்கேயே முடித்துவிட நினைத்து, நேற்று இந்தத் தாளைப் பலகையில் செருகிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் ஒரு சித்தி மகளைக் காப்பாற்றப் போய் ஒரு பாவத்தில் மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை போல இருக்கிறது. இரக்கப்படத் தோன்றுகிற கதை. அதனால் திரும்ப எடுத்து, இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோமாவை நினைத்தேன் என்று மேலே எழுதியது உண்மை. நினைக்கத்தான் செய்தேன். ஆனால் கோமா அப்போது என் வீட்டில் இல்லை. நவம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமையே, பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வடக்கே தெரிந்தவர்களிடம் போய்விட்டாள். "இங்க இருந்தா நானும் ஒன்ன மாதிரி ஊமையாயிடுவேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை அலமாரியின் கீழ்த்தட்டு காலி. மறைக்க யாரும் இல்லை. என் விசாவுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. 119-ஐ அழைத்திருந்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பாராட்டு வேண்டுமானால் கிடைத்திருக்கும்.

தேநீரைக் கீழே வைத்துவிட்டு நான் செய்தது இதுதான். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டேன். தட்டல் என் முதுகில் வந்து பட்டது. ஆகஸ்டில் அவர் தட்டினார், நான் அழுகையை நிறுத்தினேன். இப்போது அவர் நிறுத்தட்டும் என்று காத்திருந்தேன். வேலைக்குப் போன நேரமும் கடைக்குப் போன நேரமும் தவிர, மூன்று நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "புன்-சான்" என்று அவர் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிடக் கேவலமாக ஒன்றை என்னைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒகிஹாரா-சான், உங்கள்மேல் தப்பில்லை. நீங்கள் வந்திருப்பீர்கள். வரவிடாமல் செய்தது அந்த முத்திரை. அதை ஒரு சின்ன உறையில் போட்டு இந்தத் தாளோடு ஒட்டியிருக்கிறேன். போலீஸுக்கு அது தேவைப்படும்.

வழக்கம்போலப் படித்து முடித்ததும் அவரவர் கட்டத்தில் முத்திரையும் தேதியும் வைத்து அடுத்த வீட்டில் மாட்டுங்கள். 202-இன் கட்டத்தைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். எட்டாவது வீடு வரைக்கும் போகவேண்டும் என்பதில்லை, முதலில் படிக்கிறவரே போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தாலும் சரி. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். நான் வீட்டில்தான் இருப்பேன்.

தட்டினால் உடனே திறந்துவிடுவேன்.